மெட்ராஸ் எங்கே ஆரம்பிக்குது

அம்புரோஸ் எங்கள் தெருக்காரர். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு. வயது ஐம்பத்தெட்டு. வேன் ஓட்டுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் இல்லை. அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கப்பல்காரர்கள்.

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகளுக்கென்று ஒரு சின்ன இல்லம் நடக்கிறது. உள்ளே போனால் ஒரு கேரம் போர்டு, பழைய சோபா இரண்டு, வீட்டுக்குப் பேச வைஃபை. கப்பலில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும் நாளில், வேலை இல்லாத மாலுமிகளுக்குச் சில மணி நேரம் வெளியே போய்வர அனுமதிச் சீட்டு கிடைக்கும். இல்லத்து வேன் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஊரைக் காட்டி, சொன்ன நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். பத்தொன்பது வருஷமாக அந்த வேனை ஓட்டுவது அம்புரோஸ்தான். அவருடைய அப்பா அதே துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். "எங்க நைனா மூட்டைய எறக்குனாரு, நான் ஆள எறக்குறேன்" என்பார்.

ஊரைக் காட்டுவதற்கு அவரிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மெரினா, சாந்தோம் கோயில், ஒரு பெரிய மால், ஒரு பிரியாணிக் கடை. திரும்ப கப்பல். எண்ணூர் துறைமுகத்தில் ஆள் ஏற்றினால் மெரினா போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேனைக் கிளப்பும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்து, "நவ் வி கோ சிட்டி" என்பார். வழியில் யாராவது சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி இது என்ன இடம் என்று கேட்டால், "ஹியர் நத்திங். ஒன்லி கம்பெனி" என்று சொல்லிவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் தெருவில் அவர் பேசுவது வேறு. டீக்கடையில் யாராவது மெட்ராஸைப் பற்றி வாயைத் திறந்தால் போதும். "மெட்ராஸ்னா இன்னான்னு நெனச்சிகினு கீற? ராயபுரம்தான் மெட்ராஸு. இங்க ரயிலு ஓடுனப்போ மாம்பலத்துல நரி ஓடிகினு இருந்துச்சு. இப்ப வந்து நம்மள பாத்து மூக்க பொத்துறானுங்க" என்பார். ராயப்பர் கோயில் மணியிலிருந்து பழைய ஸ்டேஷன் தூண் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. அதே வாயால், "எண்ணூரு, மணலி, எர்ணாவூரு எல்லாம் ஒரு ஊரா? அது கம்பெனி" என்றும் சொல்வார். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது அவருக்கு அதில் ஒரு முரணும் தெரிந்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும்தான்.

அவருக்கு ஒரே மகள், டெபோரா. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. வீட்டில் அவரை 'நைனா' என்று கூப்பிடுகிறவள், ஆபீஸ் போன் வந்தால் 'அப்பா' என்று மாற்றிவிடுவாள். அதில் அம்புரோஸுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போன வருஷம் பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சன்னல் பக்கம் நின்று யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது. "வீடா? பாரிஸ் கார்னர் பக்கம். ஆமா, பாரிஸ் பக்கத்துலதான்."

போன் வைத்ததும் அம்புரோஸ் கேட்டார். "பாரிஸ்ல நமக்கு எப்பம்மா வூடு வாங்குன?"

"அப்டி சொன்னாதான் அவங்களுக்கு புரியும் நைனா."

"ராயபுரம்னா புரியாதா?"

டெபோரா போனைச் சார்ஜில் போடப் போனாள். மனைவி ரோசி, "வுடுங்க, கொழந்த லீவு நாள்ல கீது" என்று நடுவில் வந்தார். பேச்சு அங்கே நின்றுவிட்டது. ஆனால் அம்புரோஸுக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கோபமா வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரியில், எண்ணூர் துறைமுகத்துக்கு ஒரு நிலக்கரிக் கப்பல் வந்தது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் பொன்ராஜ், தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும், கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. இன்னொருவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், கப்பலின் சமையல்காரர். மூன்றாவது ஆள் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிற ஒரு பர்மாக்காரர், பெயர் ஜோ லின், முப்பது வயது, அதிகம் பேசாதவர். சமையல்காரருக்கு மாலில் மகளுக்கு ஷூ வாங்க வேண்டும். பொன்ராஜுக்குப் பிரியாணி. ஜோ லின்னுக்கு எதுவானாலும் சரி, தரையில் நடந்தால் போதும்.

பத்தரைக்கு வேன் கிளம்பியது. நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். அத்திப்பட்டைத் தாண்டி மணலி புதுநகர் வந்ததும் வண்டி நின்றது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். அந்தப் பக்கம் இது தினமும் நடக்கிறதுதான், அம்புரோஸ் கவலைப்படவில்லை. கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. முன்னால் நின்ற லாரியின் டிரைவர் கீழே இறங்கி, வண்டிக்கு அடியில் நிழலில் அடுப்பை வைத்து அரிசி களைய ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும்தான் அம்புரோஸ் சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா நைனா, சமையலே ஆரம்பிச்சுட்ட?" என்று எட்டிக் கேட்டார்.

"ஜங்ஷன்ல ட்ரெய்லர் கவுந்துகிச்சுங்க. கிரேன் வரணும். சாயங்காலம் ஆவும்."

பின்னாலிருந்து சமையல்காரர் கேட்டார்: "மால்?"

அம்புரோஸ் வேனை ரிவர்ஸ் எடுத்து, ஒரு ஓரமாக ஒடித்து, இடது கைப்பக்கம் போன சின்ன ரோட்டில் இறக்கினார். சடையங்குப்பம் வழியாகப் போனால் எர்ணாவூரில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாரே தவிர, அந்த வழியில் ஒரு நாளும் போனதில்லை. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறுபக்கம் தேங்கிய தண்ணீர், நடுவில் சீமைக்கருவேலம். தண்ணீரில் கொக்குகள் நின்றன. ரோட்டோடு கூடவே பெரிய பெரிய குழாய்கள் ஓடின.

"இது எங்க அண்ணாச்சி போவுது?" என்று பொன்ராஜ் கேட்டார்.

"ஊருக்குத்தான் தம்பி."

"இது ஊரு இல்லியா? வீடெல்லாம் இருக்கே."

அம்புரோஸுக்கு வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வழி தெரியாத பதற்றத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

பாலம் ஒன்றைத் தாண்டித் தெருக்கள் ஆரம்பித்தன. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், சில வீடுகளுக்கு இடுப்பளவு உயரத்துக்குப் படி கட்டியிருந்தது. அப்போது ஜோ லின் முன் சீட்டின் தோளைப் பிடித்து, "அங்கிள், ஸ்டாப், ஸ்டாப்" என்றார். அவருக்கு வாந்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டு அம்புரோஸ் சட்டென்று பிரேக் போட்டார். ஜோ லின் கதவைத் திறந்துகொண்டு ஓடி, மூடிக் கிடந்த ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு முன்னால் போய் நின்றார்.

வண்டியின் கண்ணாடியில் சிவப்பு பெயின்டில் 'அத்தோ' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வட்ட வட்டமாக ஏதோ எழுத்து. ஜோ லின் அந்த வட்டங்களின் மேல் விரலை வைத்து ஓட்டி, வாய்விட்டுப் படித்தார்.

வண்டிக்குப் பின்னால் வீட்டு வாசலில் ஒரு அம்மா முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிற வயது, நைட்டிக்கு மேல் துண்டு. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி, "தமின் சா பீபீலா" என்றார்.

ஜோ லின் கண்ணாடியிலிருந்து விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா கேட்டீங்க?" என்றார் பின்னால் வந்த பொன்ராஜ்.

"சாப்டியான்னு கேட்டேன். பர்மாக்கார புள்ளதான அது? படிக்கிறத பாத்தாலே தெர்து." அரிவாள்மனையிலிருந்து எழுந்தார். "கட சாயங்காலம்தான். பரவால்ல, உள்ள வாங்க. யாரு நீங்கல்லாம்?"

அவர் பெயர் புஷ்பவல்லி. அந்த இடத்துக்குப் பெயர் பர்மா நகர். அறுபது வருஷத்துக்கு முன்னால் ரங்கூனிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தபோது, அதில் ஒரு பங்கு ஜனம் குடியேறிய இடம். இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று அம்புரோஸ் கேள்விப்பட்டிருந்தார். பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் எத்தனையோ தடவை அத்தோ சாப்பிட்டவர்தான் அவர். ஆனால் அதைச் செய்கிறவர்கள் எங்கே இருந்து வருகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நாலு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. புஷ்பவல்லி ஒரு பேசினில் நூடுல்ஸைப் போட்டு, கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, வெங்காயம் பொரித்த எண்ணெய், நொறுக்கின பேஜோ தட்டை எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜோ லின் உட்காரவே இல்லை. கிண்ணத்தை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து நின்றபடியே சாப்பிட்டார். பாதியில் அவருக்கு மூக்கு ஒழுகியது. காரத்தினாலா வேறெதனாலா என்று யாரும் கேட்கவில்லை.

"அதொக்" என்றார், கிண்ணத்தைக் காட்டி. பொன்ராஜ் ஆங்கிலத்தில் கேட்டு அம்புரோஸுக்குச் சொன்னார்: "பிசைஞ்சதுன்னு அர்த்தமாம் அண்ணாச்சி. அவுக பாஷைல எதப் போட்டுப் பிசைஞ்சாலும் அந்தப் பேருதானாம். நம்ம ஆளுங்க அத அத்தோ ஆக்கிட்டாங்க."

அதுவரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த சமையல்காரர், இப்போது நாற்காலியைப் பேசினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். புளியா எலுமிச்சையா, மாவு எது, வெங்காயம் எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று சைகையிலேயே கேட்டார். புஷ்பவல்லியும் சைகையிலேயே சொன்னார். அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் சமையல்காரர் அம்புரோஸைத் திரும்பிப் பார்த்து, "மால்?" என்று ஞாபகப்படுத்தினார்.

அம்புரோஸ் புஷ்பவல்லியிடம் கேட்டார். "நீங்க எப்பம்மா வந்தீங்க?"

"அறுவத்தஞ்சு. எனக்கு அப்ப ஒம்போது வயசு. உங்க ஆர்பர்லதான் எறங்குனோம். ஒரு பொட்டி, ரெண்டு போர்வ. மொதல்ல முகாம்ல போட்டாங்க, அப்பறம் இங்க எடம் குட்த்தாங்க. இங்க ஒண்ணுமே கெடையாது. முள்ளு, சேறு. ராவானா நரி கத்தும்."

நரி என்றதும் அம்புரோஸுக்குத் தன் மாம்பலத்து நரி ஞாபகம் வந்தது. சூப்பைக் குடிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ உங்க ஊருன்னா ரங்கூனா?"

"அது பொறந்த எடம். ஊருன்னா இதான்." சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். அவர் தோள் உயரத்துக்கு இருந்தது. "பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி இது வர வந்துச்சு. அதுக்கப்பறமும் வந்துச்சு. எம்மவன் வேற எடம் பாக்கலாம்னான். நான் போவலயே. எங்க தெரு பூரா ஒண்ணா போனா போலாம், நான் மட்டும் போயி அங்க இன்னா செய்றது?"

"யாராச்சும் கேட்டா மெட்ராஸ்னு சொல்ல மாட்டீங்களா?"

அவர் அதை வேடிக்கையான கேள்வி மாதிரி பார்த்தார். "மெட்ராஸு எதுக்கு? மெட்ராஸுக்கு ஆஸ்பத்திரிக்கு போவேன், எம்மவ வூட்டுக்கு தண்டையார்பேட்ட போவேன். நீங்க எந்த ஊரு?"

"ராயபுரம்."

"அதான பாத்தேன். மெட்ராஸ்காரரு. வந்ததுலேர்ந்து கடியாரத்தயே பாத்துகினு கீறீங்க."

அம்புரோஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பி விட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து தன்னைத்தானே மெட்ராஸ்காரன் என்று சொல்லிக்கொண்டவர் அவர். இன்னொருவர் வாயிலிருந்து, அதுவும் வெளியூர் ஆளைச் சொல்கிற தொனியில், அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஜோ லின் அதற்குள் போனில் தன் அம்மாவைப் பிடித்துவிட்டார். படம் விட்டு விட்டு வந்தது. போனைப் புஷ்பவல்லி கையில் கொடுத்தார். இரண்டு அம்மாக்களும் பேச ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து மளமளவென்று ஏதோ போக, அந்தப் பக்கம் சிரிப்பு, பக்கத்தில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிற சத்தம், இன்னும் இரண்டு முகங்கள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறாங்க?" என்று அம்புரோஸ் பொன்ராஜிடம் கேட்டார். பொன்ராஜ் ஜோ லின்னிடம் கேட்டார். பதில் வர நேரமானது.

"இந்தம்மா பேசுற பர்மா பாஷை ரொம்பப் பழசாம். இவரோட தாத்தா பேசுற மாதிரி இருக்காம். சில வார்த்தை இப்ப அங்க யாருமே சொல்றதில்லியாம். கேலியா சிரிக்கல அண்ணாச்சி, செத்துப்போன தாத்தா குரலக் கேட்ட மாதிரி இருக்குதுங்காவ."

புஷ்பவல்லிக்கும் அது சொல்லப்பட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒம்போது வயசுல கத்துகினதுதான. அதுக்கு மேல யாரு எனக்கு புதுசு கத்து குட்த்தா?" என்றார்.

கிளம்புகிற நேரத்தில் ஜோ லின் கேட்டார்: ரங்கூனில் உங்கள் தெரு எது, நான் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், அங்கே போய் வீடியோ எடுத்து அனுப்புகிறேன். புஷ்பவல்லி தெருவின் நம்பரைச் சொன்னார். ஐம்பத்தோராவது தெரு. சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அங்க யாரு கீறாங்க நம்மள்து? நீ நம்ம தெருவ எடுத்துகினு போ. உங்கம்மாகிட்ட காட்டு."

ஜோ லின் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தத் தண்ணீர்க் கோட்டை எடுத்தார், உயரமான படிகளை எடுத்தார், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களை எடுத்தார். அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். பொன்ராஜும் கூடவே போய், வீட்டுக்கு வீடு நின்று விசாரித்தார். உங்க அப்பா எங்க இருந்து போனாரு, இராமநாதபுரமா, புதுக்கோட்டையா, எந்தக் கப்பல்ல வந்தீங்க. அவருக்கு ஆட்களை விசாரிப்பது பிரியாணியைவிடப் பிடித்த விஷயம் போலிருந்தது.

மாலுக்கு நேரம் இல்லாததால், சமையல்காரருக்குத் திருவொற்றியூர் தேரடிக் கடைத்தெருவில் பத்து நிமிஷத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். அதில் அவருக்குத் திருப்தி இல்லை. பெட்டி மேல் இருந்த கம்பெனிப் பெயரை இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தார். வேனில் வைத்திருக்கிற இல்லத்துக் கருத்துப் புத்தகத்தில் பிறகு அவர் எழுதியது இதுதான்: டிரைவர் நல்லவர், நூடுல்ஸ் மிக நன்று, சிட்டி பார்க்கவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கப்பலடியில் இறக்கிவிட்டார். பொன்ராஜ் இறங்கும்போது, "அண்ணாச்சி, உங்க வீடு இருக்கிற தெரு எப்படி இருக்கும்? அடுத்த தடவ வந்தா காட்டுவீங்களா?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். "வா தம்பி" என்று மட்டும் சொன்னார் அம்புரோஸ்.

அன்றைக்கு வீட்டில் டெபோராவிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் பழைய கேள்வியை எடுத்தார். இந்தத் தடவை கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

"ராயபுரம்னு சொன்னா இன்னாம்மா கேக்குறாங்க?"

டெபோரா செருப்பைக் கழற்றினாள். "மொதல்ல சொல்லிகினுதான் இருந்தேன் நைனா. காசிமேடு பக்கமான்னுவாங்க. ஆமான்னா, ரவுடிங்க இருப்பாங்களேன்னுவாங்க. சினிமால வர மாதிரி பேசிக் காட்டுன்னுவாங்க. மீன் வாங்கிட்டு வரியான்னு கேப்பாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா தெனம் ஒருத்தருக்கு பதில் சொல்லணும். பாரிஸ்னு சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவ்ளோதான்."

அம்புரோஸ் தலையை ஆட்டினார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதற்கு ஒரு வார்த்தை. அவரும் ஒன்று வைத்திருந்தாரே. நத்திங், ஒன்லி கம்பெனி.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். கொருக்குப்பேட்டை, மணலி, அத்திப்பட்டு, ஒரு வாரம் பழவேற்காடு போகிற ரோடு வரைக்கும். டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "ஏம்பா, மெட்ராஸு எங்க ஆரம்பிக்குது?"

அத்திப்பட்டு டீக்கடைக்காரர் மணலி தாண்டினால் மெட்ராஸ் என்றார். மணலியில் ஒருவர் சிரித்துவிட்டு, தண்டையார்பேட்டை என்றார். கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்காகக் காத்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டபோது, "இந்த கேட்டு தொறந்தா அந்தப் பக்கம் மெட்ராஸு" என்றார். கேட் திறந்து அந்தப் பக்கம் போய்க் கேட்டால், சென்ட்ரல் என்றார்கள். ரோசிக்கு இது முதலில் தலைவலியாக இருந்தது. "ஊரே நம்மள சர்வே எடுக்க வந்தவங்கன்னு நெனைக்குது" என்றார். நாலைந்து வாரத்தில் அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். பெண்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகப் பதில் வருகிறது என்பது ரோசியின் கண்டுபிடிப்பு. ஆண்கள் ஒரு இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பெண்கள் கடைசியாக எப்போது மெட்ராஸ் போனார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஜூன் மாதம் டெபோரா தன் ஆபீஸ் தோழியைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் சுஜா, வீடு தாம்பரம். ஆபீஸிலிருந்து ஒருவரை அவள் வீட்டுக்கு அழைத்து வந்தது அதுதான் முதல் தடவை. காலையிலேயே காசிமேடு போய் அம்புரோஸ் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். ரோசி குழம்பும் வறுவலும் செய்திருந்தார்.

சுஜா கூச்சம் இல்லாத பெண். சாப்பிட்டுக்கொண்டே, "வர்ற வழியில அந்தப் பழைய ஸ்டேஷன் பார்த்தேன் அங்கிள். அது எவ்வளவு வருஷம் இருக்கும்?" என்று கேட்டாள். அம்புரோஸ் சொன்னார். நரிக் கதையை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தன் கேள்வியைக் கேட்டார். இப்போதெல்லாம் கேட்காமல் அவரால் இருக்க முடிவதில்லை. ஆனால் இந்தத் தடவை பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். தெற்குப் பக்கத்து ஜனம்தானே மெட்ராஸைத் தங்களுடையதாக வைத்திருக்கிறது.

"எங்க தாம்பரத்துலயா?" என்றாள் சுஜா. "நாங்க எங்க அங்கிள் மெட்ராஸ்? எங்கப்பா இன்னைக்கும் தி.நகர் கிளம்புனா 'மெட்ராஸ் போயிட்டு வரேன்'னுதான் சொல்வாரு. ஆபீஸ்ல யாராவது கேட்டா, சென்னைன்னு சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கும். தாம்பரம்னா, ஓ அவ்வளவு தூரமான்னுவாங்க. அதனால நான் குரோம்பேட்டைன்னு சொல்லிடுவேன்."

டெபோரா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "குரோம்பேட்டையா? என்கிட்டயும் அப்டித்தான சொன்ன?"

"நீயும்தான் பாரிஸ்னு சொன்ன."

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் ரோசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்புரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வடக்கே கேட்டால் தெற்கே என்கிறார்கள், தெற்கே கேட்டால் வடக்கே என்கிறார்கள்.

"அப்போ மெட்ராஸ்ல யாருதாம்மா கீறாங்க?" என்று கேட்டார்.

தி.நகரில் ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றாள் சுஜா. எனக்குத் தெரிந்து அம்புரோஸ் இன்னும் கேட்கவில்லை.

டெபோரா இப்போது எல்லாரிடமும் ராயபுரம் என்று சொல்கிறாளா என்று நான் விசாரித்தேன். இல்லையாம். பேச நேரமும் மனசும் இருக்கிற ஆளாக இருந்தால் ராயபுரம். லிஃப்டில் பார்க்கிற ஆளுக்குப் பாரிஸ். அம்புரோஸ் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரும் பெரும்பாலான கப்பல்காரர்களை மாலுக்குத்தான் கூட்டிப் போகிறார். அவர்கள் கேட்பது அதைத்தான். மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ யாராவது வேறு ஏதாவது கேட்டால் பர்மா நகரில் நிறுத்துவார். புஷ்பவல்லிக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுகிறார், கடை சாயங்காலம்தான் என்பதால்.

போன வாரம் நானும் அவர் வேனில் எண்ணூர் வரைக்கும் போயிருந்தேன். திரும்பும்போது மூன்று இந்தோனேசியர்கள் ஏறினார்கள். சாத்தங்காடு பக்கம் கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில், யாருமே எதிர்பார்க்காத இடத்தில், ஒரு குளமும் அதன் கரையில் பழைய கல் மண்டபம் ஒன்றும் தெரிந்தது. இது என்ன என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

அம்புரோஸ் எட்டிப் பார்த்தார். "ஐ டோன்ட் நோ" என்றார். "வெய்ட்."

வேனை ஓரங்கட்டிவிட்டு, அந்தப் பக்கமாக ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருவரிடம் கேட்க இறங்கிப் போனார்.